பைனஸ் நிழலில் நம் காட்டு மரங்களை வளர்ப்போம்

மலையக மக்களே,

பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் வசிக்கும் தொழிலாளர்கள், விவசாயிகள், ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். வறட்சி தொடங்குமுன் உங்களிடம் இரண்டு காரியங்கள் கேட்கிறோம். பைனஸ் காட்டுக்குத் தீ வைக்காதீர்கள். அதை ஒரேயடியாக வெட்டி மொட்டையாக்கும்படியும் கேட்காதீர்கள்.

இரண்டாவதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். பைனஸ் வந்த பிறகுதான் பீலியில் தண்ணீர் குறைந்தது என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். அந்தக் குறையை நாங்கள் மறுக்கவில்லை. புல்வெளியில் பைனஸ் நட்டால் ஓடைநீர் குறைவதைப் பல நாடுகளில் அளந்து கண்டிருக்கிறார்கள். ஆனால் நம் மண்ணின் கதை பைனஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு அழிந்தது. 1869இல் இலைநோய் வந்து கோப்பி மடிய, தேயிலை வந்தது. மேல்மண் மழையோடு போனது. கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளிலும் மானாப் புல் சரிவுகளிலும் 1970களிலும் 80களிலும் கரீபியன் பைனஸைப் பரவலாக நட்டார்கள். மெலிந்த மண்ணில் அதுதான் பிடிக்கும் என்பதே காரணம். பிடிக்கவும் செய்தது.

அதன் காலடியில் நடந்ததைத்தான் நாம் கவனிக்கவில்லை. அகன்ற இலைக் காட்டில் விழும் சருகு ஈரத்தில் ஊறும். மண்புழுவும் கரையானும் பூஞ்சணமும் அதைத் தின்று, கீழ்மண்ணோடு கலந்து கறுப்பு மண்ணாக்கும். பைனஸ் ஊசியில் மெழுகும் பிசினும் அதிகம். நைதரசனும் கல்சியமும் குறைவு. மண்புழு அதை நாடாது. ஊசிகள் மக்காமல் மெத்தைபோல் குவிகின்றன. மரம் உறிஞ்சிய சத்தும் மண்ணுக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. மெத்தையிலிருந்து வடியும் அமிலநீர் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கீழே அடித்துச் செல்கிறது. ஏற்கெனவே புளிப்பான நம் செம்மண் மேலும் புளிக்க, அதிலுள்ள அலுமினியம் கரைந்து இளவேர்களைத் தாக்குகிறது. காய்ந்த மெத்தையில் தண்ணீரும் எளிதில் ஊறுவதில்லை. முதல் பெருமழை மேலாக ஓடிவிடுகிறது. ஜெர்மனியில் பீச், ஓக் காடுகள் இருந்த இடத்தில் ஸ்ப்ரூஸ் நட்டபோதும் மண் இப்படித்தான் புளித்தது. இன்று அங்கே அகன்ற இலை மரங்களை மறுபடி கலந்து நடுகிறார்கள்.

அந்த மெத்தையில்தான் தீ பிடிக்கிறது. இளம்புல்லுக்காக வைத்தாலும் வேட்டைக்காக வைத்தாலும் தடித்த பட்டையுள்ள பைனஸ் பெரும்பாலும் தப்பிவிடும். பறவைகள் எச்சமிட்டு அதன் அடியில் முளைத்த காட்டுக் கன்றுகள்தான் சாகும். மிஞ்சும் சாம்பலை ஒக்டோபர் மழை கொண்டுபோகும்.

முழுதாக வெட்டினாலோ, செங்குத்தான சரிவைப் பிடித்திருக்கும் வேர்கள் சில ஆண்டுகளில் மக்கிவிடும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். வெட்டவெளியில் காட்டு மரக் கன்றுகள் வெயில் தாங்காமல் கருகும், மானா புகுந்துவிடும்.

வழி இருக்கிறது, நம் நாட்டிலேயே செய்து பார்த்த வழி. சிங்கராஜாக் காட்டின் ஓரத்தில் பேராதனை, யேல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பைனஸ் வரிசைகளுக்கிடையே ஹொர, நாகமரம் முதலிய மழைக்காட்டு மரங்களை நட்டார்கள். மூன்று வரிசைப் பைனஸை அகற்றி, ஓரளவு வெளிச்சம் விட்ட இடத்தில் பெரும்பாலான கன்றுகள் செழித்தன. 1997இல் அதன் முடிவுகள் வெளியாயின. ஊவாவின் காலநிலை வேறு, மரங்களும் வேறு. நம் ஓடைக்கரைகளில் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் என்ன நிற்கிறதோ அதுவே நமக்கு ஏற்ற மரம். பெரியவர்களுக்கு அவற்றின் பெயர் தெரியும்.

உங்கள் பகுதியில் பைனஸ் வெட்ட ஏற்பாடு நடந்தால், பட்டை பட்டையாக வெட்டி இடையில் காட்டு மரங்களை நடும்படி வனத் திணைக்களத்திடமும் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். பைனஸுக்குப் பதில் யூக்கலிப்டஸ் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாடசாலைகளும் கோயில் சபைகளும் சிறு நாற்றுமேடை போடலாம். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையைச் சேமித்து வைக்க முடியாது. விழுந்த சில வாரங்களுக்குள் முளைக்கப் போட்டாக வேண்டும். ஆகவே எந்த மரம் எப்போது காய்க்கிறது என்று இந்த வருடமே குறித்து வையுங்கள்.