ஞாயிறு காலை மட்டும்தான் நம்ம ரோடா?

ஞாயிற்றுக்கிழமை காலை 5.30 மணி. அலாரத்தை ஸ்நூஸ் பண்ணாம மெரினா பக்கம் போனீங்கன்னா, ஹெல்மெட்டும் சிவப்பு லைட்டுமா இருபது முப்பது பேர் சைக்கிளோட நிற்பதைப் பார்க்கலாம். ரேஸ் ஓட்டுறவங்க இல்ல. ஐ.டி ஊழியர், ரிட்டயர்டு பேங்க் சார், காலேஜ் பொண்ணு, அப்பாவோட வந்த எட்டாங்கிளாஸ் பையன்னு கலவையான கூட்டம். ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புறாங்க.

விதி ரொம்ப சிம்பிள். வழி தெரிஞ்ச ஒருத்தர் முன்னாடி போவார், அவரை முந்தக் கூடாது. கடைசியா இன்னொருத்தர் வருவார், அவருக்குப் பின்னாடி யாரும் தங்கக் கூடாது. செயின் கழன்றாலும் மூச்சு வாங்கினாலும் அந்தக் கடைசி ஆள் கூடவே நிற்பார். வேகம், மணிக்கு 12 - 15 கிலோமீட்டர்.

அந்த வேகத்துலதான் விஷயமே இருக்கு. பைக்ல நூறு தடவை ஐஸ் ஹவுஸைத் தாண்டியிருப்போம். 1842-ல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டின இடம் அதுன்னு, எதிரில் கால் ஊன்றி நின்னு கேட்கும்போதுதான் மண்டையில் ஏறுது. அப்படியே கோட்டையைத் தாண்டி ராயபுரம் போனா, 1856-ல் திறந்த தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். இதையெல்லாம் நடந்தே பார்க்கலாம்தான். ஆனா பாதி வழியிலேயே வெயில் ஏறிடும்.

சரி, ஏன் அவ்வளவு காலையில்? கேட்டா வெயிலைத்தான் சொல்வாங்க. அது பாதி உண்மை. ஒன்பது மணிக்கு அதே ரோட்டில் அதே முப்பது பேரைக் கூட்டிட்டுப் போக யாருக்கும் தைரியம் வராதுங்கிறது மீதி உண்மை. கூட்டமா போனா கார்க்காரர் ஒதுங்குவார். தனியா போனா ஹாரன் அடிப்பார். தனியா ஓட்டத் தயங்குற பெண்களுக்கு இந்த ரைடுகள் பிடிச்சுப்போக இதுவும் ஒரு காரணம். சைக்கிள் பாதை இல்லாத ஊரில், அந்தக் கூட்டமேதான் சைக்கிள் பாதை.

ஆனா தினமும் சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. வாட்ச்மேன் அண்ணன், கேன் கட்டி டீ விற்கிறவர், சித்தாள் வேலைக்குப் போறவர்... எல்லாரும் திங்கள்கிழமை பீக் ஹவரில், பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல தனியாத்தான் போறாங்க. இவங்களுக்காகவும்தான் சென்னை மாநகராட்சி 2014-ல், மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். நடப்பவர்கள், சைக்கிளில் போறவர்களின் விபத்து மரணத்தை 2018-க்குள் பூஜ்ஜியமாக்கணும்னு அதில் இலக்கும் இருந்தது. அந்த வருஷம் எப்பவோ போயாச்சு. ரோட்டைப் பார்த்தாலே மிச்சம் புரியும்.

‘வசதியானவங்க வீக் எண்ட் பொழுதுபோக்கு’ன்னு இந்த ரைடுகளைக் கிண்டல் பண்றவங்க உண்டு. லட்ச ரூபாய் சைக்கிளைப் பார்த்தா எனக்கும் அப்படித் தோணியிருக்கு. ஆனா, கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை சில சாலைகளில் வண்டிகளை நிறுத்தி மக்களை சைக்கிள் ஓட்டவிடும் வழக்கம் 1974-ல் சின்னதாத்தான் ஆரம்பிச்சது. இன்னைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகளை அப்படித் திறந்துவிடுறாங்க. வாரநாளுக்கும் சேர்த்து நிரந்தர சைக்கிள் பாதைகள் 90-களின் கடைசியில் வந்தன. நம்ம ஊர் ஞாயிறு கூட்டம், ‘எங்களுக்குத் திங்கள்கிழமையும் வேணும்’னு மாநகராட்சிகிட்ட கேட்க ஆரம்பிச்சா, அந்தக் குரல் வாட்ச்மேன் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் ஒலிக்கும்.

எட்டு மணிக்கு ரைடு முடிஞ்சு, பொங்கல், ஃபில்டர் காபி, குரூப் போட்டோ. தூரத்திலிருந்து வந்தவங்க சிலர் சைக்கிளைக் கார் மேல ஏத்திக் கட்டுறாங்க. நைட் டியூட்டி முடிஞ்ச யூனிஃபார்மோட ஒருத்தர், லைட் இல்லாத சைக்கிளில், அந்தக் காரைச் சுற்றி ஒதுங்கிப் போறார்.