சைலன்சரில் ‘பட் பட்’ வெடிச்சத்தம்... ஹோஸுக்குள் கோலிக்குண்டு போட்டால் நின்றுவிடுமா? சட்டம் என்ன சொல்கிறது?

மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் இருந்து ‘பட்... பட்... படார்’. பக்கத்தில் ஆட்டோவில் போகிறவர் திரும்பிப் பார்க்கிறார். சிலருக்கு இந்தச் சத்தம்தான் கெத்து. ஆனா பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல், கூடவே ‘இன்ஜின் ஏதாவது ஆகிடுச்சோ’ என்ற பயம்.

இதற்கு யூடியூபிலும் பைக் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. இன்ஜின் தலைப்பகுதிக்குப் போகும் ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஒரு போல்ட்டையோ பேரிங் குண்டையோ வைத்து அடைத்துவிடுவது. வெளிநாட்டு பைக் ஓட்டிகள் இதற்கு கோலிக்குண்டையே பயன்படுத்தியதால் அங்கே இதன் பெயர் ‘மார்பிள் மாட்’. செலவு சில ரூபாய், வேலை பத்து நிமிஷம், சத்தமும் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

அப்புறம் என்ன பிரச்னை? அந்த ஹோஸ் எதற்காக அங்கே இருக்கிறது என்பதில்தான் பிரச்னை.

அந்த ஹோஸ் என்ன செய்கிறது?

இதன் பெயர் செகண்டரி ஏர் இன்ஜெக்‌ஷன், சுருக்கமாக எஸ்.ஏ.ஐ. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். யமஹா இதை ஏ.ஐ.எஸ். என்கிறது, ஹோண்டா, சுசூகி பைக்குகளில் பேர் வால்வு என்பார்கள், ராயல் என்ஃபீல்டு ஓட்டுகிறவர்களுக்கு பி.ஏ.வி. என்றால் தெரியும். வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் முழுசாக எரிவதில்லை. எரியாத பெட்ரோல் ஆவியும், அரைகுறையாக எரிந்ததால் உண்டான கார்பன் மோனாக்ஸைடும் புகையோடு வெளியேறும். அந்தப் புகை வெளியே வரும் வாசலிலேயே கொஞ்சம் நல்ல காற்றைக் கலந்துவிட்டால், அங்கே இருக்கும் சூட்டிலேயே மிச்சமும் எரிந்துவிடும். இதுதான் யோசனை.

இதற்குத் தனி மோட்டார், பம்ப் எதுவும் பெரும்பாலான பைக்குகளில் கிடையாது. புகை தொடர்ச்சியாக வருவதில்லை, விட்டு விட்டு அலை அலையாக வருகிறது. ஒரு அலை போய் அடுத்த அலை வருவதற்குள் குழாயில் அழுத்தம் குறையும். அந்தக் கணத்தில் ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். புகை திரும்பி ஹோஸ் பக்கம் வராமல் இருக்க நடுவில் மெல்லிய தகடு வைத்த ஒரு வழி வால்வு இருக்கும். அவ்வளவுதான் மொத்த சாதனமும்.

காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிஷம் இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. அதனால் எரியாத மிச்சமும் கூடுதல். சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடாகும் வரை ஒழுங்காக வேலை செய்யாது. எஸ்.ஏ.ஐ. அந்த மிச்சத்தை எரித்து, அந்தச் சூட்டிலேயே கன்வெர்ட்டரையும் சீக்கிரம் தயார் செய்கிறது.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது?

வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் இன்ஜினுக்குள் போகும் காற்று கிட்டத்தட்ட நின்றுவிடும். உள்ளே இருக்கும் கொஞ்சம் பெட்ரோலும் காற்றும் ஒழுங்காகப் பற்றாது. பற்றாத கலவை அப்படியே சைலன்சருக்குள் தள்ளப்படும். அங்கே சூடு இருக்கிறது, பெட்ரோல் ஆவி இருக்கிறது. காற்று மட்டும் சேர்ந்தால் போதும், ‘பட்’.

அந்தக் காற்றைக் கொண்டுவந்து கொடுப்பது எஸ்.ஏ.ஐ. என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. ஹோஸை அடைத்தால் சத்தம் குறைவதற்கும் அதுவே காரணம்.

ஆனால் வீடியோக்களில் பலரும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சிக்கல் வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்றை நிறுத்திவிட ஒரு கட்-ஆஃப் வால்வும் வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் பைக்குகளில் இன்ஜினின் உறிஞ்சும் விசை ஒரு சின்ன ஹோஸ் வழியாக அந்த வால்வை இழுத்து மூடும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் இ.சி.யு. உத்தரவு கொடுக்க, சோலனாய்டு வால்வு மூடிக்கொள்ளும்.

அதாவது, எஸ்.ஏ.ஐ. ஒழுங்காக இருந்தால் கீழே இறங்கும்போது அது காற்று கொடுக்கவே கூடாது. கொடுக்கிறது என்றால் கட்-ஆஃப் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், வால்வு முழுசாக மூடாமல் சிக்கியிருக்கலாம், அல்லது அந்தச் சின்ன ஹோஸ் வெடித்திருக்கலாம். மாற்ற வேண்டியது அந்தப் பாகத்தை. மொத்த சாதனத்தையும் அடைப்பது, குழாய் ஒழுகுகிறது என்று தண்ணீர்த் தொட்டியையே மூடுவது மாதிரி.

அதைவிட முக்கியம், பல பைக்குகளில் குற்றவாளி எஸ்.ஏ.ஐ.யே இல்லை.

பெண்ட் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட் நசுங்கிப் போயிருந்தால் அந்த இடுக்கு வழியாகவும் காற்று உள்ளே போகும். சைலன்சரைக் கழற்றி மாட்டியவர்கள் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். இணைப்பைச் சுற்றிக் கருப்பாகக் கரி படிந்திருந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். பைக் குளிர்ந்திருக்கும்போது சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழி வருவதே காட்டிக்கொடுத்துவிடும்.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்திருந்தாலோ, மைலேஜுக்காக ஸ்லோ ஸ்பீடு பெட்ரோலை ரொம்பக் குறைத்து டியூன் செய்திருந்தாலோ, எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி இறுகிப் போயிருந்தாலோ இதே சத்தம் வரும். இவற்றில் எது இருந்தாலும் ஹோஸை அடைப்பது நோயை மறைக்குமே தவிர குணப்படுத்தாது. வால்வு இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் வால்வே கருகிப்போகும், அதற்கு ஆகும் செலவு சின்னது இல்லை.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டவர்கள் கதை தனி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உள்தடுப்புகளும் இல்லாததால் முன்பு அமுங்கிக் கிடந்த சின்னச் சின்ன வெடிப்புகளும் வெளியே கேட்கின்றன. அவர்களுக்கு எஸ்.ஏ.ஐ. ஒரு தொந்தரவாகவே தெரியும். ஆனா அங்கே முதலில் மாறியது சைலன்சர்தான், ஹோஸ் இல்லை.

அடைத்தால் இன்ஜின் கெடுமா? மைலேஜ் கூடுமா?

இரண்டுக்கும் பதில் ‘இல்லை’தான். இதில் பயமுறுத்துகிறவர்களும் தப்பு, ஆசை காட்டுகிறவர்களும் தப்பு. எஸ்.ஏ.ஐ. வேலை செய்வது பெட்ரோல் எரிந்து முடிந்து வெளியேறும் இடத்தில். அதனால் அடைப்பதால் பிக்கப் கூடாது, மைலேஜும் கூடாது. இன்ஜினும் அதனால் மட்டும் பழுதாகிவிடாது.

பாதிப்பு புகையில்தான். குறிப்பாக, காலையில் வீட்டு வாசலிலோ அபார்ட்மென்ட்டின் தரைக்கடி பார்க்கிங்கிலோ ஸ்டார்ட் செய்து, ‘இன்ஜின் சூடாகட்டும்’ என்று விட்டுவிட்டு ஹெல்மெட் தேடுகிறோமே, அந்த நிமிஷங்களில். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். திறந்தவெளியில் கலைந்துவிடும், மூடிய பார்க்கிங்கில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே அவ்வளவு சுலபமாகக் கலையாது.

ஒரு பைக்கால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இருசக்கர வாகனங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 விதிப்படி, ஒரு பைக் கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய கார்பன் மோனாக்ஸைடு 1 கிராம். எரியாத ஹைட்ரோகார்பன் 0.1 கிராம். இதற்கான சோதனையே இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருந்துதான் தொடங்குகிறது. எஸ்.ஏ.ஐ. உள்ள மாடல்கள் அந்தச் சாதனத்தோடுதான் சோதனையில் தேறி விற்பனைக்கு வருகின்றன. அதை அடைத்த பைக், தேறிய அந்தப் பைக் இல்லை.

போலீஸ் பிடிக்குமா?

நடைமுறையில், சிக்னலில் நிறுத்தி பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஹோஸைப் பார்க்கும் போலீஸ்காரர் யாரும் இல்லை. அவர்கள் பிடிப்பது காதுக்குக் கேட்கிற மாற்று சைலன்சரைத்தான். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கான ஒலி வரம்பு 80 டெசிபல். 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல்.

ஆனால் மாட்டாது என்பதும் தப்பில்லை என்பதும் ஒன்றல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 190(2), காற்று மாசு மற்றும் ஒலிக் கட்டுப்பாட்டுத் தரங்களை மீறும் வாகனத்தை ஓட்டுகிறவருக்கு முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாகன உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை விதிக்க வழி செய்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில், கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

ஆர்.சி. புத்தகத்தில் எஸ்.ஏ.ஐ. பற்றி ஒரு வரியும் இல்லையே, ஹோஸில் வைத்த போல்ட் எப்படி ‘மாற்றம்’ ஆகும் என்று வாதாட இடமிருக்கிறது. பிரிவு 190(2)க்கு அந்த வாதம் பொருந்தாது. அங்கே கேள்வி புகை வரம்பைத் தாண்டியதா இல்லையா என்பது மட்டுமே.

அது வெளிப்படும் இடம் புகைப் பரிசோதனை மையம். அங்கே இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டுத்தான் கார்பன் மோனாக்ஸைடு அளக்கிறார்கள். ஸ்லோவிலும் எஸ்.ஏ.ஐ. வேலை செய்யும் கார்புரேட்டர் பைக்குகளில், அதை அடைத்துவிட்டால் அளவு ஏற வாய்ப்பு அதிகம். சத்தத்தை இன்னும் குறைக்க பெட்ரோலையும் கூட்டி டியூன் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். பரிசோதனையே ஒழுங்காக நடக்காத மையங்கள் இருக்கின்றன என்பது ஊரறிந்த விஷயம்தான், அது தனிக்கதை.

வாரண்டி இன்னொரு பக்கம். பி.எஸ்.6 பைக்கில் சோலனாய்டின் வயரைப் பிடுங்கிவிட்டால் பல மாடல்களில் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியும். எரிந்த பதிவு இ.சி.யு.வில் தங்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டியதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

மாசுக் கட்டுப்பாட்டை மாற்றுவதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியை அமெரிக்கா வேறு மாதிரி அணுகியது. 2016 ஆகஸ்டில் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பைக்கின் பவரைக் கூட்டும், ஆனால் புகையையும் கூட்டும் ‘சூப்பர் ட்யூனர்’ கருவிகளை சுமார் 3,40,000 எண்ணிக்கையில் விற்றது என்பதே புகார். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் சமரசத்துக்கு வந்தது, விற்பனையும் நின்றது. அங்கே நடவடிக்கை பாய்ந்தது கருவியை வாங்கி மாட்டிய பைக்காரர்கள் மேல் அல்ல, விற்ற நிறுவனத்தின் மேல்.

இங்கே நிலைமை தலைகீழ். எஸ்.ஏ.ஐ. துவாரத்தை மூடும் ‘பிளாக் ஆஃப் பிளேட்’ ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. சிக்கினால் அபராதம் கட்ட வேண்டியவர் அதை மாட்டியவர்.

சத்தம் வந்தால் என்ன செய்வது?

முதலில் பெண்ட் பைப் கேஸ்கெட், சைலன்சர் கிளாம்ப். அடுத்து இன்டேக் ரப்பர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். அதற்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் எஸ்.ஏ.ஐ. கட்-ஆஃப் வால்வைச் சோதிக்கச் சொல்லலாம். கார்புரேட்டர் பைக்கில் டியூனிங்கும் வால்வு இடைவெளியும் கடைசி.

எஸ்.ஏ.ஐ.தான் காரணமா என்று கண்டுபிடிக்க மெக்கானிக் அந்த ஹோஸைத் தற்காலிகமாக அடைத்துப் பார்ப்பது சரியான சோதனைதான். சத்தம் நின்றால் வால்வு போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பல பைக்குகளில் அந்தச் சோதனை போல்ட் அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது என்பதுதான் நடக்கிறது.

பழைய பைக் வாங்குகிறவர்கள் இதையும் பார்த்துவிடுவது நல்லது. ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து இன்ஜின் தலைக்குப் போகும் ஹோஸை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால், நடுவில் கல் மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.