ஐம்பது காசில் தொடங்கிய கடை



சிறுதொழில் தொடங்க விழையும் குடும்பங்களை இரு கவலைகள் வாட்டுகின்றன. கையில் முதல் இல்லையே என்பது ஒன்று. தொடங்கிய அன்றே விற்பனை நடவாவிடில் என் செய்வது என்பது மற்றொன்று. சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை நம் கடற்கரையோரத்தில் அடுப்பை நம்பியே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் பலர் உளர். அவர்களை எண்ணியே, உணவகத் தொழிலில் உயர்ந்த பெட்ரீஷியா நாராயண் அம்மையாரின் வரலாற்றை இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அம்மையார் நாகர்கோவிலைச் சார்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோரின் இசைவின்றி மணம் புரிந்தார். கணவர் போதைக்கு அடிமையானார். இரு குழந்தைகளுடன் துயருற்று நின்ற மகளைப் பெற்றோர் தள்ளிவிடவில்லை. தம் இல்லத்திலேயே இடமளித்தனர். அங்கு அவர் ஊறுகாயும் பழச்சாறும் ஜாமும் செய்தார். அரசுப் பணியிலிருந்த தாயார் அவற்றைத் தம் அலுவலகத்திற்குக் கொண்டுசென்று விற்றுக் கொடுத்தார்.

அடுத்து, சென்னை மெரினாவில் அண்ணா சதுக்கத்தருகே தள்ளுவண்டிக் கடை வைக்க எண்ணினார். அனுமதி பெறவே ஓராண்டு அலைய நேர்ந்தது. வண்டி கிடைத்தபோது அதனுடன் ஒரு நிபந்தனையும் வந்தது: மாற்றுத்திறனாளிகள் இருவரை வேலைக்கு அமர்த்தி, தேநீரும் காப்பியும் தயாரிக்கப் பழக்க வேண்டும். 1982-இல் கடை திறந்த முதல் நாளில் விற்றது ஒரே ஒரு குவளைக் காப்பி. வரவு 50 காசு. கண்கலங்கிய மகளைத் தாயார்தாம் தேற்றினார். ஒன்றாவது விற்றதே, நாளை இதனினும் கூடும் என்றார். மறுநாள் விற்பனை 600 ரூபாயைத் தாண்டியது!

இங்குச் சற்று நின்று சிந்திப்போம். எல்லாவற்றையும் தாமே செய்பவர் ஒரு கடையை நன்கு நடத்தலாம். இரண்டாவது கடையை நடத்த இயலாது. ஒரே பெயரில் பல இடங்களில் உணவகம் நடத்துவதெனில், முதலாளி இல்லாத இடத்திலும் அதே சுவை, அதே அளவு, அதே தூய்மை இருத்தல் வேண்டும். பிறருக்குக் கற்றுக்கொடுத்தாலன்றி அது கைகூடாது. பாரமென்று தோன்றிய அந்த நிபந்தனை, முதல் நாளிலேயே அவரை ஓர் ஆசிரியையும் ஆக்கிற்று என்றே நாம் கருதுகின்றோம்.

கடற்கரைக்கு நடைப்பயிற்சிக்கு வந்த அதிகாரி ஒருவரின் வழியாகக் குடிசை மாற்று வாரியத்தின் சிற்றுண்டிச்சாலை அவருக்குக் கிடைத்தது. பின்னர் மதுரை வங்கியின் சிற்றுண்டிச்சாலையும் வந்தது. ஒரு நாள், இல்லத்தில் எழுந்த பூசலால் மனம் நொந்து பேருந்தேறிய அம்மையார், அது நின்ற கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். எதிரே தேசியத் துறைமுக மேலாண்மை நிறுவனம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உத்தண்டியில் அமைந்திருந்த இந்நிறுவனம் 2008-இல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. உள்ளே சென்று, உணவு வழங்கும் பணியைத் தமக்குத் தருமாறு கேட்டார், பெற்றார். நாள்தோறும் சுமார் 700 மாணவர்களுக்கு உணவு! 1998-இல் சங்கீதா உணவகக் குழுமத்தார் நெல்சன் மாணிக்கம் சாலை உணவகத்தில் அவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டனர்.

2004-ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. புதிதாய் மணமுடித்த மகளும் மருமகனும் சாலை விபத்தில் மாண்டனர். உயிரற்ற உடல்களை ஏற்றிச்செல்ல ஆம்புலன்ஸ் வண்டியினர் மறுத்தனர். இறுதியில் யாரோ ஒருவரின் காரில், பின்புறப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட உடல்களையே அந்தத் தாய் கண்டார்.

மழைமலை மாதா திருத்தலத்தால் நாம் நன்கறிந்த அச்சிறுபாக்கத்தில், அதன்பின் அவர் ஓர் ஆம்புலன்ஸ் வண்டியை நிறுத்தி வைத்தார். அடிபட்டோர் உயிரோடிருப்பினும் இறந்துபோயினும் அது ஏற்றிச்செல்லும். துயரில் முடங்கிக் கிடந்த அவர், 2006-இல் மகனுடன் சேர்ந்து, மறைந்த மகளின் நினைவாகச் 'சந்தீபா' என்ற பெயரில் உணவகம் திறந்தார். அது பல கிளைகளாகப் பெருகியது. 2010-இல் ஃபிக்கி என்னும் இந்திய வணிக, தொழிற் கூட்டமைப்பு அவருக்குச் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதளித்தபோது, இருவருடன் தொடங்கிய தொழிலில் சுமார் 200 பேர் பணியாற்றினர்.

விடாமுயற்சியைப் போற்றுகின்றோம், ஆனால் அது தனியே விளைவதன்று. துயருற்ற மகளுக்குத் திறந்த கதவு, ஊறுகாய்ப் புட்டிகளைச் சுமந்த தாயின் கை, தொழில் கற்க முன்வந்த இருவர் ஆகிய யாவும் சேர்ந்தே அக்கடை எழுந்தது. நம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ முதல் நாள் விற்பனை குன்றி வாடி நிற்பவர் இருப்பின், அவருக்கு அறிவுரையினும் பயன் தருவது, நாளையும் கடையைத் திறப்பதற்கு நாம் நல்கும் துணையே.