அரைப் பேன் கணக்கு

சால்மனைப் பச்சையாகத் தின்னலாம், அதில் புழு கிடையாது. சுஷி கடையிலும் சீனப் புத்தாண்டு யீ சாங் தட்டிலும் அந்த ஆரஞ்சுத் துண்டுகளைத் தயங்காமல் எடுத்து வாயில் போடுகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த நம்பிக்கைதான். இது தானாக வந்த நம்பிக்கையில்லை, விற்கப்பட்டது. பசிபிக் சால்மனுக்குள் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கும் என்பதால் ஜப்பானியர்கள் அதைச் சுட்டோ உப்பிட்டோதான் சாப்பிட்டு வந்தார்கள். 1980களில் புதிய சந்தை தேடிய நார்வே, ஜப்பானுக்கு ஆளனுப்பியது. எங்கள் மீன் கூண்டில் தீவனம் தின்று வளர்ந்தது, பச்சையாகவே சாப்பிடலாம் என்று வருடக்கணக்கில் படித்துப் படித்துச் சொன்னது. சொன்னது பலித்தது. யீ சாங்கில் முன்பு பாராங் மீன் இருந்தது. இன்று பெரும்பாலும் சால்மன். (சில தமிழ்த் தளங்கள் சால்மனைக் 'காலா மீன்' என்று மொழிபெயர்க்கின்றன. காலா என்பது நம்மூர் செனாங்கின். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.)

புழு இல்லை என்பது பொய்யில்லை. ஒட்டுண்ணியே இல்லை என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். உள்ளே இருக்கும் புழுவைத் தவிர்த்த அதே கூண்டுதான் வெளியே ஒட்டும் கடல் பேனைப் பெருக்கிவிட்டது. பெயரில்தான் பேன்; உண்மையில் இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். மீன் தோலின் வழுவழுப்பையும் தோலையும் இரத்தத்தையும் தின்று வாழும். தோல் கிழிந்தால் மீனின் உடம்பில் உப்பும் நீரும் நிலைகுலையும், புண்ணில் கிருமி புகும். வளர்ந்த சால்மன் நாலு பேனைச் சுமந்துகொண்டு பிழைத்துவிடும். ஆற்றிலிருந்து முதன்முதலாகக் கடலில் இறங்கும், ஒரு சாண்கூட இல்லாத குஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும், கதை முடிந்தது.

"பேன் இயற்கையிலேயே இருக்கிறதுதானே?" பண்ணை முதலாளிகள் முதலில் எடுத்து நீட்டும் வாதம் இது. இருப்பதுதான். ஆற்றில் பிடித்த சால்மன் மேல் பேனைப் பார்த்தால் தூண்டில்காரர்களுக்குச் சந்தோஷம், கடலிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த மீன் என்பதற்கு அது அத்தாட்சி. நன்னீரில் பேன் அதிக நாள் தாங்காது, உதிர்ந்துவிடும். இயற்கையின் ஏற்பாடு அவ்வளவு எளிமையானது. பெரிய மீன்கள் ஆறேறும், அவற்றோடு வந்த பேன் சாகும். குளிர்காலத்தில் கரையோரத்தில் ஒட்டிக்கொள்ள உடம்புகள் குறைவு. வசந்தத்தில் குஞ்சுகள் இறங்கும்போது வழி ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழையும் ஃபியோர்டுகளில், குஞ்சுகள் போகும் அதே பாதையில், குளிர்காலத்திலும் லட்சக்கணக்கான உடம்புகளை நிறுத்தி வைத்தது யார்? பேனா?

மீனைப் பற்றி இலக்கிய இதழில் எதற்குக் கட்டுரை என்று கேட்கத் தோன்றும். எனக்குச் சண்டை ஒரு வாக்கியத்தோடு. 'கடல் பேன் இயற்கை சால்மனை அழிக்கிறது.' செய்திகளிலும் நிறுவன அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். எழுவாய் பேன். கூண்டு வைத்தவன் வாக்கியத்திலேயே இல்லை.

எண்களிலும் இதே வித்தை உண்டு. நார்வே சட்டப்படி, கூண்டு மீன் ஒன்றுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் பேன் வரை இருக்கலாம். குஞ்சுகள் கடலுக்குப் போகும் வசந்த வாரங்களில் 0.2. அரைப் பேன்! கேட்கவே எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. அங்கே ஒரு கூண்டில் 2,00,000 மீன் வரை வைக்கவும் அனுமதி உண்டு. பெருக்கிப் பாருங்கள். சட்டத்தை ஒரு நூல்கூட மீறாத ஒரே ஒரு கூண்டில் 1,00,000 பெண் பேன்கள். ஒவ்வொன்றும் இரண்டு சரங்களில் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும். அவை பொரித்ததும் அடுத்த சரம். ஒரு பண்ணைக்கு இப்படிப் பல கூண்டுகள். வலை மீனைத் தடுக்கும், பேன்குஞ்சைத் தடுக்காது. அது நீரோட்டத்தில் பல கிலோமீட்டர் மிதந்து போகும்.

நார்வேயின் கடல் கூண்டுகளில் ஏறக்குறைய 40 கோடி மீன்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் அந்நாட்டு ஆறுகளுக்குத் திரும்பும் இயற்கை சால்மன் சுமார் 5 லட்சம், 1980களில் இருந்ததில் பாதி. ஒரு இயற்கை மீனுக்கு 800 கூண்டு மீன்! 'மீனுக்கு இத்தனை பேன்' என்று அளப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கூண்டு மீனை இரட்டிப்பாக்குங்கள், அரைப் பேன் அரைப் பேனாகவே நிற்கும். கடலில் கொட்டும் பேன் மட்டும் இரண்டு மடங்காகும்.

நார்வேக்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. 2017இல் கடற்கரையை 13 வட்டாரங்களாகப் பிரித்துச் சாலைவிளக்கு மாதிரி ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பேனால் சாகும் இயற்கைக் குஞ்சுகள் 10 சதவீதத்துக்குக் கீழே என்று மதிப்பிட்டால் பச்சை, உற்பத்தி 6 சதவீதம் வளரலாம். 10 முதல் 30 வரை மஞ்சள், இருப்பது இருக்கட்டும். 30ஐத் தாண்டினால்தான் சிவப்பு, 6 சதவீதம் குறைக்க வேண்டும். இன்னொரு முறை வாசியுங்கள். நூறில் ஒன்பது குஞ்சு செத்தால் அதன் பெயர் பச்சை. இருபத்தொன்பது செத்தாலும் ஒரு கூண்டைக்கூட எடுக்க வேண்டியதில்லை. இதைப் போய் முன்மாதிரி என்கிறார்கள்.

சரி, கூண்டுக்குள் இருக்கும் மீனாவது சுகமாக இருக்கிறதா? தீவனத்தில் எமாமெக்டின் என்ற மருந்தைக் கலந்தார்கள், பேன் அதற்குப் பழகிக்கொண்டது. அடுத்து வெந்நீர். குளிர்ந்த கடலில் வாழும் மீனை 30 டிகிரியைத் தொடும் நீரில் அரை நிமிடம் போடுகிறார்கள். நமக்கு அது வெறும் பைப் தண்ணீர். 28 டிகிரிக்கு மேல் போனால் மீன் வலியில் துடிக்கிறது என்று நார்வே ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். பேனைத் தின்னும் சிறு மீன்களையும் கோடிக்கணக்கில் கூண்டுக்குள் விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே செத்தன. 2023இல் நார்வேயின் கடல் கூண்டுகளில் செத்த சால்மன் மட்டும் 6 கோடிக்கு மேல். பேன் நீக்கும்போது படும் காயம் அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று.

கனடாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்ணை ஆதரவாளர்கள் அதைத்தான் காட்டுவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் புரோட்டன் தீவுக்கூட்டத்தில் 2001இல் அலெக்சாண்ட்ரா மார்ட்டன், பேன் மொய்த்த பிங்க் சால்மன் குஞ்சுகளைக் கண்டார். ஒரு கிராம்கூட எடையில்லாத, செதில் முளைக்காத குஞ்சுகள். பேன் பெருக்கம் இப்படியே தொடர்ந்தால் நான்கு தலைமுறையில் 99 சதவீதம் அழியும் என்று 2007இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. அழியவில்லை. "பார்த்தீங்களா, ஜோசியம் பொய்த்துப் போச்சு" என்றார்கள். குஞ்சுகள் இறங்கும் பருவத்துக்கு முன்பே கூண்டுகளுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கியதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். எச்சரித்தவன் பேச்சைக் கேட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, திருடன் வரவில்லையே என்று அவனையே ஏசுகிற கதை. 2029 ஜூனுக்குள் அந்த மாநிலத்தில் திறந்த வலைக்கூண்டுகளுக்கு முடிவு கட்டுவதாகக் கனடா அரசு 2024இல் அறிவித்தது.

கடல் சூடாவதும் அணைகளும் சால்மனைக் குறைக்கவில்லையா? குறைக்கின்றன. ஆனால் கடலின் சூட்டை எந்த ஃபியோர்டிலும் கயிற்றை அவிழ்த்து இறக்கிவிட முடியாது. கூண்டை முடியும். மூடிய தொட்டியில் வளர்க்கவும் வழி இருக்கிறது, செலவுதான் கூடும். திறந்த வலையில் கடல் இலவசமாக மூச்சுக்காற்று தருகிறது, கழிவை இலவசமாக அள்ளிப் போகிறது, கூடவே பேனையும். சூப்பர்மார்க்கெட்டில் நாம் கொடுக்கும் வெள்ளியில் இந்தச் செலவு எதுவும் சேரவில்லை.

2024 கோடையில் நார்வே ஆறுகளுக்கு வந்த சால்மன் மிகக் குறைவு. 33 ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை போட்டார்கள். ஆற்றங்கரையில் தூண்டிலோடு நின்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கூண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.