மறுகால் இல்லாத ஏரி

கேள்வி: எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். பிசான அறுவடை முடிந்ததும் உழவர் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் குடும்பத்தோடு வெளியூர் போய்வர நினைக்கிறோம். எரிமலை வெடித்து உண்டான ஏரி ஒன்று நம் நாட்டில் இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அது எங்கே இருக்கிறது? பார்க்கத் தகுந்ததா? கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் எரிமலை மண்தான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பிள்ளைகள் சொல்வது மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்து லோனார் ஏரியாக இருக்க வேண்டும். பார்க்கத் தகுந்த இடம்தான். விவசாயக் குடும்பங்கள் பார்த்தால் பலன் கூடுதல். ஆனால் அது எரிமலை ஏரி அல்ல. விண்கல் விழுந்து உண்டான பள்ளம்.

எரிமலை என்று நினைத்தது ஏன்?

லோனாரைச் சுற்றியுள்ள பாறை முழுவதும் எரிமலைப் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி பிளந்து, நெருப்புக் குழம்பு பலமுறை வழிந்து, அடுக்கடுக்காக உறைந்து உண்டானதே தக்காணப் பீடபூமியின் அந்தப் பகுதி. அந்தக் கரும்பாறைக்கு பசால்ட் என்று பெயர். அதன் நடுவே 1.8 கிலோமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தால் எரிமலை வாய் என்றுதானே தோன்றும்? 1823-ல் அலெக்சாண்டர் என்ற ஆங்கில அதிகாரி இதைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அதன் பிறகும் நெடுங்காலம் பலர் அப்படியே நம்பினார்கள்.

1973-ல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. பள்ளத்தின் பாறையில், பலத்த மோதலின் அழுத்தத்தால் கண்ணாடி போல மாறிய கனிமம் கிடைத்தது. எரிமலை வெடிப்பில் இது உண்டாவதில்லை. பள்ளத்தின் வயதை முதலில் சுமார் 50 ஆயிரம் ஆண்டு என்று கணித்தார்கள். பின்னர் ஆர்கான் முறையில் பார்த்தபோது ஏறத்தாழ 5.7 லட்சம் ஆண்டு என்று வந்தது.

கரிசல் பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மகாராஷ்டிரத்துக் கரிசல் இந்த எரிமலைப் பாறை மக்கி வந்தது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் பெரும்பாலும் நம் ஊர் நைஸ் வகைப் பாறை, சுண்ணாம்பு கலந்த தாய்ப்பொருள் இவற்றிலிருந்து வந்தது. நிறமும் வெடிப்பும் ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறு.

என்ன பார்க்கலாம்?

ஜால்னா ரயில் நிலையத்திலிருந்து சாலை வழியாக லோனார் சுமார் 90 கிலோமீட்டர். ஔரங்காபாத் என்று முன்பு அழைக்கப்பட்ட சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அஜந்தா, எல்லோரா குகைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். அவையும் இதே எரிமலைப் பாறையைக் குடைந்து செய்தவைதான். பிப்ரவரிக்குள் போய்வந்தால் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பகுதி வெயில் கடுமையானது.

பள்ளத்தின் விளிம்பில் கோமுகம் என்ற ஊற்று உண்டு. பக்தர்கள் அங்கே நீராடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் தைத்யசூதனர் கோயில் சாளுக்கியர் காலத்தது என்பார்கள். சுவர்ச் சிற்பங்களை நின்று பார்க்க வேண்டும். காட்டுப் பாதையில் இறங்கினால் ஏரிக்கரையில் கமலஜா தேவி கோயில் வரும். வழியில் மயில்கள் நிறையக் கண்ணில் படும். ஏறி இறங்க அரை நாள் ஆகும். வயதானவர்கள் மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது வனவிலங்குச் சரணாலயம்; 2020 முதல் ராம்சர் சதுப்பு நிலப் பட்டியலிலும் இருக்கிறது. கல் பொறுக்கி வருவது, ஏரியில் சோப்புப் போட்டுக் குளிப்பது, பிளாஸ்டிக் வீசுவது கூடாது.

மேலே நன்னீர், கீழே காரநீர்

விளிம்பில் ஊறும் நீர் நன்னீர். அதே நீர் இறங்கிச் சேரும் ஏரியில் கார அமிலத்தன்மை 10-க்கு மேல்! சுருள்பாசி போன்ற சில நுண்ணுயிர்களே அதில் செழிக்கும். 2020 ஜூனில் ஏரி முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியது. உப்பு மிகுந்த நீரில் வளரும் நுண்ணுயிரியின் நிறமே காரணம் என்று புணே அகர்கர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. லவணாசுரனைத் திருமால் அழித்த இடம் இது என்பது ஊர்க்கதை. லவணம் என்றால் உப்பு. முற்காலத்தில் இந்த ஏரியிலிருந்து சோடா உப்பு எடுத்து விற்றதும் உண்டு.

காரணம் எளிது. ஏரிக்குள் நீர் வரும் வழி உண்டு, வெளியேறும் வழி இல்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மறுகால் இல்லாத குளம். வெயிலில் நீர் ஆவியாகிப் போகும். அது கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்கும். ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து இந்த நிலை.

உண்மையான எரிமலை ஏரியைப் பார்க்க விரும்புவோருக்கு இந்தோனேசியாவின் சுமத்திராவில் தோபா ஏரி இருக்கிறது. சுமார் 74 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வெடித்த பெரும் எரிமலையின் பள்ளம் அது. 100 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டருக்கு மேல் ஆழம். அந்த வெடிப்பின் சாம்பல் ஆந்திரத்தில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்து மண்ணிலும் படிந்திருக்கிறது. அருகில் உள்ள பெரிய நகரம் மேடான். தோட்ட வேலைக்குப் போன நம்மவர்கள் அங்கே 1884-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அப்பகுதி காரோ மக்களின் குலப் பெயர்களில் சோலியா, பாண்டியா என்பவையும் உண்டு. ஏரியின் நடுவே சமோசிர் தீவுக்குப் படகில் போகலாம். 2018 ஜூனில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 160-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். மிதவை உடை தராத படகில் ஏறவே கூடாது.

தோபாவிலும் பல ஓடைகள் வந்து விழுகின்றன. ஆனால் அதன் நீர் நன்னீர். அசகான் ஆறு ஏரி நீரை ஓயாமல் கடலுக்குக் கொண்டுபோகிறது. ஒன்று எரிமலைப் பள்ளம், மற்றொன்று விண்கல் பள்ளம் என்பதல்ல இங்கே வேறுபாடு. வடிகால் இருப்பதும் இல்லாததும்தான்.

நம் வயலில்

மலையிலிருந்து இறங்கும் நீர் குளத்துக்குக் குளம் மறுகால் வழியே போகும்படி முன்னோர் அமைத்த பகுதி இது. அந்த ஓடையையும் வயல் வடிகாலையும் மண் போட்டு மூடி வரப்பைத் தள்ளிப் போட்டால் அரை சென்ட் கூடலாம். ஆனால் பள்ளத்து வயல் சிறு லோனார் ஆகிவிடும். தாழ்ந்த மூலையில் வெள்ளைப் பொருக்கு, நீர் இறங்காமல் நிற்பது, பயிர் திட்டுத் திட்டாகக் கருகுவது இவை அறிகுறிகள். எலுமிச்சை உப்பைத் தாங்காத பயிர்; இலை நுனி கருகி உதிரும். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சொட்டுநீரில் விடுவோர், ஈரம் முடியும் விளிம்பில் உப்புச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொருக்கைக் கண்டதும் ஜிப்சம் வாங்கிக் கொட்ட வேண்டாம். உவர் நிலமா, களர் நிலமா என்று மண் பரிசோதனையில் தெரிந்துகொள்ள வேண்டும். மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருந்து கார அமிலத்தன்மை 8.5-க்குள் இருந்தால் உவர். அதற்கு ஜிப்சம் தேவையில்லை; நல்ல நீரைத் தேக்கி வடித்தால் போதும். கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்திருந்தால் களர். பரிசோதனை முடிவில் சொன்ன அளவு ஜிப்சம் இட்டு உழுது, 10 சென்டிமீட்டர் நீர் தேக்கி, ஒரு நாள் கழித்து வடிக்க வேண்டும். இப்படி நான்கைந்து முறை செய்ய வேண்டும். பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, திருச்சி 1 அல்லது திருச்சி 3 நெல் நடலாம். இரண்டு நிலத்துக்கும் வடிகால் முதலில் வேண்டும். அது இல்லாமல் இட்ட ஜிப்சம் வீண்.

பாசன நீரையும் பரிசோதிக்க வேண்டும். எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5-க்கு மேல் இருந்தால் அந்த நீர் நாளடைவில் நல்ல நிலத்தையும் களராக்கும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டினால் போதும். குழுவினர் ரயில் ஏறும் முன்பு மண்ணையும் நீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம். லோனாரைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு முடிவை வாங்கி, அடுத்த கார் பருவத்துக்கு முன் வடிகாலை வெட்டிவிடலாம்.