வரைந்தபின் கேட்பதா, கேட்டபின் வரைவதா?

நாம் 'பேட்டை' என்பதை மராத்தியர் 'பேட்' என்கின்றனர். சைதாப்பேட்டை, ராயப்பேட்டை என்று கேட்டு வளர்ந்த எனக்குப் புனேயின் கசபா பேட், புத்வார் பேட், சதாசிவ் பேட் ஆகிய பெயர்கள் முதல் நாளிலேயே அன்னியமாகத் தோன்றவில்லை. தெருவையொட்டித் திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள். இதுவே 'வாடா' எனப்படும் மரபான வீட்டின் அமைப்பு. மாநகரமாக வளர்ந்த பின்னரும் புனேயின் நடுவே ஒரு சிற்றூர் உயிரோடிருக்கிறது என்றால், இந்த அமைப்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அதன் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில் அங்கே குடியிருப்போருக்கு என்ன இடம் என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் வினா.

சட்டப்படி இடம் உண்டு. மகாராஷ்டிரத்தின் 1966ஆம் ஆண்டு நகர்த் திட்டமிடல் சட்டம், வளர்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைப் பெற வேண்டும் என்கிறது. பழைய புனேக்கான வரைவு 2013இல் வெளியானபோது ஏறத்தாழ 87,000 ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் குவிந்தன. 2015இல் மாநில அரசு திட்டமிடும் அதிகாரத்தை மாநகராட்சியிடமிருந்து தன் கையில் எடுத்துக்கொண்டது. 2017 ஜனவரியில் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இத்தனை ஆட்சேபங்கள் வந்ததை மக்கள் பங்கேற்பின் வெற்றி என்று சிலர் கொண்டாடுகின்றனர். நான் அதை முறையின் தோல்வி என்றே கருதுகிறேன். வரைவதற்கு முன் கேட்டிருந்தால், வரைந்தபின் இத்தனை பேர் மனுவோடு வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

அதே வேளையில், பழமையைப் போற்றுவோரின் ஏக்கத்தோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. வாடகைக் கட்டுப்பாட்டால் பல வாடாக்களில் வாடகை மிகச் சொற்பம். ஆகவே உரிமையாளர் பழுதுபார்ப்பதில்லை. வாடகைதாரரோ, வெளியேறினால் உரிமை போய்விடும் என்று அஞ்சுகிறார். மழைக்காலந்தோறும் அபாயகரமான கட்டடம் என்ற அறிவிப்பு வருகிறது. ஒருநாள் வாடா இடிக்கப்படுகிறது. திண்ணை இருந்த இடத்தில் வாகன நிறுத்தம் வருகிறது. மர வேலைப்பாட்டைப் படமெடுத்துப் பகிரும் நாம், நான் உட்பட, அந்த உத்தரத்தின் கீழ் உறங்குபவர்கள் அல்லர். ஊரின் முகத்தைக் காப்பதற்காக ஒருவரை ஒழுகும் கூரையின் கீழ் வைத்திருக்க நமக்கு உரிமையில்லை.

அப்படியானால் வழி என்ன? ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை சொல்லப்பட்டது. 1914இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைக் குறித்து அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான குடியிருப்பை ஊடறுத்து நேர்சாலை போடுவதை அவர் எதிர்த்தார். தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, சீர்செய்ய இயலாத சிலவற்றை மட்டும் அகற்றி, காற்றுக்கும் நடமாட்டத்துக்கும் இடம் செய்யச் சொன்னார். அறுவை மருத்துவம்தான், ஆனால் நோயாளி பிழைப்பதற்கான அறுவை. இதில் குறைந்த செலவும் உண்டு, குறைந்த இடப்பெயர்வும் உண்டு.

இத்தகைய முறைக்குப் புனே புதிதன்று. 2006 முதல் இங்கே குடிமக்கள் தம் வட்டாரத்துச் சிறு பணிகளை மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்மொழிந்து வருகின்றனர். நடைபாதைக்கும் தெருவிளக்குக்கும் கேட்கப்படும் கருத்து, தெருவின் அகலத்துக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே கேட்கப்படுவதில்லை? வேதாள் குன்றைக் காக்க 2023 ஏப்ரலில் பெருந்திரளாக நடந்தவர்கள், இந்நகரத்தார் தம் ஊரைப் பற்றிச் சிந்திக்காதவர்கள் அல்லர் என்பதைக் காட்டினர்.

எனவே மூன்று கோரிக்கைகள். முதலாவது, வரைபடத்தில் ஒரு கோடு விழும் முன், ஒவ்வொரு பேட்டையிலும் எந்த வீடு சீர்செய்யத்தக்கது, யார் வாடகைதாரர், எந்த முற்றமும் மரமும் பொதுப் பயனில் உள்ளன என்ற கணக்கைக் குடியிருப்போரே மாநகராட்சியுடன் சேர்ந்து எடுக்க வேண்டும். இரண்டாவது, சீரமைப்புக் காலத்தில் வாடகைதாரர் வெளியே தங்கினாலும் அவர் திரும்பி வரும் உரிமை எழுத்தில் உறுதியாக வேண்டும். மூன்றாவது, நிராகரிக்கப்படும் ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் காரணம் மராத்தியில் வெளியிடப்பட வேண்டும்.

இது பழைய பேட்டைகளின் கவலை மட்டுமன்று. 2021இல் மேலும் 23 கிராமங்கள் இணைந்தபோது, பரப்பளவில் புனே மாநகராட்சி மும்பையையே விஞ்சியது. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின்னர், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவருமின்றியே நகர நிர்வாகம் நடந்தது. அக்காலத்தில் புதிதாக இணைந்த கிராமத்தார் யாரிடம் சென்று முறையிட்டிருக்க முடியும்? அவர்களுடைய சாவடிகளும் கிணறுகளும் ஆலமரத்தடிகளும் இன்னும் எஞ்சியுள்ளன. கசபா பேட்டில் காலம் கடந்து கேட்கப்படும் கேள்வியை, அங்கேனும் காலத்தோடு கேட்போம்.