வாய் கொப்பளிக்கும் மருந்து

கடையில் விற்கும் வாய் கொப்பளிக்கும் மருந்தை ஒரு வாய் ஊற்றித் துப்பிவிட்டால், கிருமிகளெல்லாம் ஒழிந்துவிடும், பல் துலக்கவும் வேண்டியதில்லை என்று நம் மக்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியது பகுத்தறிவுள்ளவர்களின் கடமையாகும்.

மருந்துக்குச் சக்தியே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. குளோரெக்சிடின் என்னும் மருந்து, கிருமியின் மேல் தோலில் ஒட்டி அதைப் பிளந்து, உள்ளேயிருப்பதை ஒழுகவிட்டுக் கொன்றுவிடுகிறது. பல்லிலும் வாய்ச் சதையிலும் பற்றிக்கொண்டு, துப்பிய பின்னும் பல மணி நேரம் வேலை செய்கிறது. 1970-ம் வருஷத்தில் லோ, ஷியாட் என்கின்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பல் துலக்காதிருந்த சிலரை இம்மருந்து நூற்றுக்கு 0.2 பங்கு கலந்த நீரால் தினம் இரு வேளை கொப்பளிக்கச் செய்து, பல்லில் அழுக்குப் படியாமலிருந்ததைக் கண்டார்கள். இது மந்திரமல்ல, எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய காரியமேயாகும்.

அப்படியானால் பல் துலக்குவது எதற்கு என்று கேட்கலாம். அவர்களுடைய பற்கள் முதலில் நன்றாய்ச் சுத்தம் செய்யப்பட்டிருந்தவை. ஏற்கெனவே படிந்துவிட்ட அழுக்கோ, கிருமிகள் கூடிக் கட்டிய கோட்டையாகும். மருந்து அதன் மதிலை நனைக்குமேயல்லாது உள்ளே எளிதில் புகுவதில்லை. ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரியான லேவன்ஹூக் என்பவர் 1683-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். காடியால் வாய் கொப்பளித்த பிறகும் தம் பல்லிடுக்கு அழுக்கில் உயிர்கள் நெளிவதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அவ்வழுக்கை வெளியே எடுத்துக் கரைத்துக் காடியை விட்டபோதோ அவை உடனே செத்தன. ஆகவே, குறை காடியிலில்லை; அது போய்ச் சேராததில்தான் இருந்தது. அழுக்கைப் பெயர்க்கத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்றியும், குளோரெக்சிடினை நெடுநாள் உபயோகித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசியும் மாறும். வைத்தியர் சொன்ன காலத்திற்கு மேல் அது வேண்டுவதில்லை.

இனி விளம்பரத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். லிஸ்டரின் என்னும் மருந்து ஜலதோஷத்திற்கும் நல்லதென்று அமெரிக்காவில் 1921 முதல் விளம்பரம் செய்யப்பட்டு வந்தது. அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் விசாரித்து, அது ஜலதோஷத்தைத் தடுக்காதென்பதை இனிமேல் விளம்பரத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டுமென்று 1975-ல் உத்திரவிட்டது. 1977-ல் கோர்ட்டும் அவ்வுத்திரவை ஆமோதித்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் கொடுத்த காசை மாத்திரம் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆதலால் தோழர்களே! தினம் இரு வேளை பல்லைத் தேயுங்கள். இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள். மருந்தைத் துணையாகக் கொள்ளுங்கள், தெய்வமாகக் கொள்ளாதீர்கள். பழைய மூட நம்பிக்கையை விட்ட ஒருவன், புட்டியில் அடைத்த புது மூட நம்பிக்கையைக் கூலிக்காசு கொடுத்து வாங்குவானேன் என்பதுதான் நமது கேள்வி.